ஒன்பதாம் பக்கம் இல்லாமல் வெனிலா வளர்த்த விதம்

அன்புள்ள மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதுவது. நானும் உங்கள் அத்தையும் நலமாக இருக்கிறோம். நீங்களும் நம் பெண்ணும் போன இடத்தில் நலமாக இருப்பீர்கள், பேக்கரியின் புதுக் கிளையில் ரொட்டி அடுப்பு உங்கள் சொல்பேச்சுக் கேட்கத் தொடங்கியிருக்கும் என்று நம்புகிறேன். வீடு நீங்கள் விட்டுப்போனபடியே இருக்கிறது. கீழே எழுதப்போவதில் சில இடங்களில் அப்படி இல்லையோ என்ற சந்தேகம் வரலாம். முழுவதையும் படித்துவிட்டு ஒரு முடிவுக்கு வாருங்கள்.

போனில் சொல்லாமல் ஏன் எழுதுகிறார் என்று நினைப்பீர்கள். ஞாயிற்றுக்கிழமைதோறும் நீங்கள் "வெனிலா எப்படி இருக்கு மாமா?" என்று கேட்கிறீர்கள். நான் "நல்லா இருக்கு மாப்பிள்ளை" என்று சொல்லி மூச்சு விடுவதற்குள் உங்கள் அத்தை போனை வாங்கிக்கொண்டு, நம் பெண் எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறாள் என்று விசாரிக்கப் போய்விடுகிறாள். கடிதத்தை யாரும் கையிலிருந்து வாங்க முடியாது.

முதலில் நல்ல செய்தி. உங்கள் வெனிலாக் கொடி காய் பிடித்துவிட்டது. ஒரு காய். ஐந்து வருடம் உங்களிடம் ஒரு மொட்டுகூட வைக்காத கொடி, என் பொறுப்பில் வந்த மூன்றே மாதத்தில் எட்டுப் பூக்கள் பூத்து, அதில் ஒன்று தங்கியிருக்கிறது. பெருமைக்காகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன். நம் வீட்டு வெனிலாவில் ஒரு கேக் செய்ய வேண்டும் என்று ஐந்து வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தீர்கள். ஒரு காயில் ஒரு கேக் தாராளமாக ஆகும் என்று உங்கள் குறிப்பின் பதினொன்றாம் பக்கத்தில் நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

நீங்கள் கிளம்பிய நாளை நினைத்துப் பாருங்கள். பெட்டிகளோடு லிஃப்டுக்குள் நின்றுகொண்டு, "மாமா, பூ வந்தா மகரந்தத்தைக் கையாலதான் சேக்கணும், டென்ஷன் ஆகாதீங்க. பக்கத்து வீட்டுப் பல் டாக்டர்கிட்ட சொல்லி வெச்சிருக்கேன். அவங்களுக்குக் கை ஆடாது" என்றீர்கள். நான் பதில் சொல்ல வாயைத் திறப்பதற்குள் லிஃப்டின் கதவு மூடிவிட்டது. சொல்ல நினைத்த பதிலை இப்போது எழுதுகிறேன். நாற்பத்தொரு வருடம் கைக்கடிகாரம் பழுதுபார்த்தவன் நான். பெண்கள் கட்டும் சின்னக் கடிகாரத்தின் உள்ளே இருக்கும் திருகாணியைக் கீழே வைத்தால் எறும்பு தூக்கிக்கொண்டு போய்விடும், அவ்வளவு சிறிது. பல் என்பது பெரிய பொருள். சிரித்தால் தெருவின் அந்தப் பக்கத்திலிருந்தே தெரியும்.

நீங்கள் ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்பதும் எனக்குத் தெரியாமல் இல்லை. கல்யாணமான முதல் மாதம், காலமான உங்கள் அப்பாவின் கைக்கடிகாரத்தை என்னிடம் கொடுத்தீர்கள். நான் பிரித்தேன், துடைத்தேன், மாட்டினேன். மாட்டி முடித்தபோது மேசையில் ஒரு திருகாணி மீதி இருந்தது. கடிகாரம் ஓடவில்லை. "பரவாயில்ல மாமா" என்று சொல்லி வாங்கிக்கொண்டீர்கள். அந்தத் திருகாணியையும் வாங்கிக்கொண்டீர்கள். அதை ஒரு பொத்தான் டப்பாவில் போட்டு, கடிகாரத்தின் பக்கத்திலேயே அலமாரியில் வைத்திருக்கிறீர்கள் என்று நம் பெண் ஒருநாள் பேச்சுவாக்கில் சொன்னாள். ஆறு வருடமாக நீங்கள் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால் நான் நிம்மதியாக இருந்திருப்பேன். ஆகவே இந்தக் கொடி பூத்தால், இந்தக் கையாலேயே காய் பிடிக்க வைத்து உங்களிடம் காட்டுவது என்று லிஃப்ட் கதவைப் பார்த்தபடியே முடிவு செய்தேன்.

நீங்கள் எழுதிக் கொடுத்த பன்னிரண்டு பக்கக் குறிப்பை அன்றைக்கே பால்கனியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, காற்று பலமாக இருந்ததால் ஒரு கையால் தாள்களை அமுக்கிப் பிடித்துக்கொண்டு, முழுவதும் படித்தேன். தெளிவான குறிப்பு. ஒரே ஒரு குறை. எட்டாம் பக்கத்துக்கு அடுத்து பத்தாம் பக்கம் வருகிறது. எண் போடுவதில் உங்களுக்கு நேர்ந்த பிழை என்று எடுத்துக்கொண்டேன். மாவு பிசைகிற கைக்கு எண்கள் தவறுவது இயல்பு. எட்டாம் பக்கத்தின் கடைசி வரி, "பூ காலையில் விரிந்து நண்பகலுக்குள் வாடிவிடும், அதற்குள் பயப்படாமல் ஒரு பல்குச்சியை எடுத்து" என்று முடிகிறது. பத்தாம் பக்கம், "இவ்வளவுதான். மறுநாளும் பூ விழாமல் நின்றால் வெற்றி" என்று தொடங்குகிறது. நடுவில் என்ன செய்வது என்பதை என் அனுபவத்துக்கு விட்டுவிட்டீர்கள் என்று நினைத்து, உண்மையைச் சொன்னால், சந்தோஷப்பட்டேன்.

"மாப்பிள்ளைக்குப் போன் பண்ணி ஒரு வார்த்தை கேட்டுடுங்களேன்" என்றாள் உங்கள் அத்தை.

"நாப்பத்தொரு வருஷத்துல ஒரு கடிகாரத்தை எப்படித் திறக்கணும்னு அதோட சொந்தக்காரங்ககிட்ட நான் கேட்டதில்ல" என்றேன்.

"அதான் தெரியுதே" என்றாள். உங்கள் அலமாரியை நினைத்துத்தான் சொன்னாள்.

கொடியைப் பராமரித்ததில் குறை சொல்ல இடமில்லை. காலை ஏழுக்கும் மாலை ஐந்துக்கும் நொடி பிசகாமல் தண்ணீர் தெளித்தேன். இரண்டாம் மாதம் கொடி நீண்டு துணி காயப்போடும் கம்பியைப் பிடித்துக்கொண்டது. என் சட்டையோடு சேர்ந்து வேர்விட ஆரம்பித்ததால் அதை மெல்லப் பிரித்து, நுனியைப் பால்கனிக் கம்பிகளின் வழியாக வெளிப்பக்கம் திருப்பிவிட்டேன். அது போய்ப் பக்கத்து வீட்டு ஜன்னலைப் பிடித்துக்கொண்டது. அது கொடியின் விருப்பம். சென்ற மாதம் ஒருநாள் அந்தப் பல் டாக்டர் ஜன்னலிலிருந்து தலையை நீட்டினார்.

"சார், உங்க கொடி எங்க ஜன்னலுக்குள்ள வந்திருக்கு."

"தெரியும்மா. வெட்டக் கூடாது."

"வெட்டறேன்னு சொல்லல சார். அதுல இப்ப..."

"அஞ்சு வருஷக் கொடிம்மா. வேர் எங்க வீட்டுல இருக்கு. நுனி எங்க போனாலும் அது எங்க கொடிதான்."

"உங்களுதாச்சேன்னுதான் சார் கேக்கறேன். அந்த..."

"கேக்கறதுக்கு ஒண்ணுமில்ல. நீங்க அதத் தொடாம இருந்தாப் போதும்."

"சரி சார்" என்று ஜன்னலை மூடிக்கொண்டார். நான் குரலை உயர்த்தவில்லை. இருந்தாலும் அந்த அம்மாள் எந்தப் பேச்சையும் முழுதாகச் சொல்லி முடிப்பதில்லை என்பதைக் கவனித்துவைத்தேன். உங்களுக்கும் தெரிந்திருப்பது நல்லது.

அடுத்த இரண்டு வாரத்தில் நம் பக்கத்துக் கொடியில் ஒரு கொத்து வந்தது. எட்டு மொட்டுகள். நீங்கள் எழுதியபடியே நாளுக்கு ஒரு பூவாக மலர்ந்தது. அதாவது எனக்கு எட்டு நாள், எட்டு வாய்ப்பு. ஒவ்வொன்றும் நண்பகல் வரைதான்.

முதல் பூ ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஆறேகாலுக்கு விரிந்தது. மஞ்சளும் பச்சையும் கலந்த வெளிர் நிறம். நான் கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு, திருகாணி பிடிக்கும் சின்ன இடுக்கியான சாமணத்தை எடுத்துக்கொண்டு, என் வழக்கப்படி முதலில் ஒரு வெள்ளைத் துணியை மேசையில் விரித்தேன். தெரியாத கடிகாரம் ஒன்று கைக்கு வந்தால் முதலில் அதைப் பிரித்துப் பார்ப்பதுதான் முறை. வெளியே ஐந்து இதழ்கள், நடுவில் குழலாகச் சுருண்ட ஓர் இதழ், அதற்குள் ஒரு வெள்ளைத் தண்டு, தண்டின் தலையில் ஒரு தொப்பி, தொப்பிக்குள் மஞ்சள் மெழுகு போல மகரந்தம், அதற்குக் கீழே மெல்லிய ஒரு மூடி. மொத்தம் பத்துப் பாகங்கள். கழற்றிய வரிசைப்படி இடமிருந்து வலமாக அடுக்கினேன். மகரந்தத்துக்கும் அது போய்ச் சேர வேண்டிய குழிக்கும் நடுவே அந்த மூடி குறுக்கே நிற்பதால்தான் காரியம் தானாக நடப்பதில்லை என்பதைப் பதினைந்தே நிமிடத்தில் கண்டுபிடித்தேன். அந்த நேரத்தில் உங்கள் அத்தை டீயோடு வந்தாள்.

"என்னங்க பண்றீங்க?"

"உள்ள எப்படி இருக்குன்னு பாக்கறேன்."

"பாக்கறதுக்கு எதுக்குங்க பிரிக்கணும்?"

"பிரிக்காம எப்படிப் பாக்கறது?"

"சரி. மறுபடி எப்படி மாட்டுவீங்க?"

"கழட்டின வரிசையைத் திருப்பிப் போட்டா மாட்டினதாச்சு" என்றேன். இந்த பதிலை நாற்பத்தொரு வருடம் கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் சொல்லியிருக்கிறேன். அன்றைக்குத்தான் அது பொருந்தாத ஓர் இடம் உண்டு என்று தெரிந்தது. பதினொரு மணி வரை முயன்றேன். ஒன்றை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். பத்துப் பாகங்களில் ஒன்றுகூடத் தொலையவில்லை, ஒன்றுகூட மீதியாகவில்லை. பத்தும் துணியின் மேலேயே இருந்தன.

இரண்டாம் பூவை நான் பிரிக்கவில்லை. மூடியைச் சாமணத்தால் நேர்த்தியாகத் தூக்கி, மகரந்தத்தை அப்படியே எடுத்துவிட்டேன். கை ஒரு நூலளவும் ஆடவில்லை. எடுத்த பிறகு நாற்பத்தொரு வருடப் பழக்கம் குறுக்கே வந்துவிட்டது. ஒரு பாகத்தைத் தொட்டபின் அடுத்த பாகத்தைத் தொடுமுன் சாமணத்தின் நுனியைத் துடைக்க வேண்டும். துடைத்தேன். துடைத்த துணியைப் பார்த்தபோது அதில் மஞ்சளாக ஏதோ ஒட்டியிருந்தது.

மூன்றாம் நாள் கை பழைய நிதானத்துக்கு வரட்டும் என்று விடியும் முன்பே வீட்டுக் கடிகாரங்களைச் சுத்தம் செய்ய உட்கார்ந்தேன். கூடத்துக் கடிகாரம், சமையலறைக் கடிகாரம், அலாரம், என் கைக்கடிகாரம், நான்கையும் பிரித்துவைத்துவிட்டு வேலையில் ஆழ்ந்துவிட்டேன். வீட்டில் மணி சொல்ல ஒன்றும் மிச்சமில்லை. போனில் மணி தெரியும் என்பீர்கள். கடிகாரக்காரன் போனைப் பார்த்து மணி தெரிந்துகொண்டால் அப்புறம் அவன் என்ன கடிகாரக்காரன். ஒன்பது இருக்கும் என்ற கணக்கில் எழுந்து பால்கனிக்குப் போனேன். பூ வாடித் தலையைத் தொங்கப்போட்டிருந்தது. உள்ளேயிருந்து "சாப்பிட வர்றீங்களா, மணி ஒண்ணாகுது" என்று உங்கள் அத்தையின் குரல் வந்தது. கடிகாரங்கள் நான்கும் இப்போது மிகச் சரியாக ஓடுகின்றன. கூடத்துக் கடிகாரம் பழைய இரண்டு நிமிடத் தாமதத்தை விட்டுவிட்டது.

நான்காம் பூவில் எல்லாம் சரியாக வந்துகொண்டிருந்தது. மூடியைத் தூக்கினேன், மகரந்தத்தைக் குழியின் வாசல் வரை கொண்டுபோனேன், சாமணம் ஒரு துள்ளு துள்ளியது, மகரந்தம் கீழே விழுந்தது. கடையில் திருகாணி விழுந்தால் எப்படித் தேடுவேனோ அப்படி, டார்ச்சைத் தரையோடு தரையாகப் படுக்கவைத்து, மண்டியிட்டு, காந்தத்தை நகர்த்திக்கொண்டே போனேன். காந்தத்தில் மகரந்தம் ஒட்டாது என்று எனக்கும் தெரியும். கை தானாக எடுத்துவிட்டது. தேடியது வீண்போகவில்லை. காந்தத்தில் ஒரு திருகாணி ஒட்டிக்கொண்டு வந்தது. சுண்டுவிரல் கனம். எந்தக் கடிகாரத்துக்கும் இந்த அளவில் திருகாணி கிடையாது, ஆகவே இது எதற்கும் தேவையில்லாதது என்று தீர்மானித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

அது கொடி ஏறியிருக்கும் கம்பத்தை அடித்தொட்டியோடு பிடித்துவைத்திருந்த திருகாணி என்பது மறுநாள் காலை தெரிந்தது. ஐந்தாம் பூ மலர்ந்த நேரத்தில் கம்பம் அப்படியே சுவர்ப்பக்கம் சாய்ந்தது. சத்தம் கேட்டு ஓடிவந்த உங்கள் அத்தை, கம்பத்தை நான் தோளில் தாங்கிக்கொண்டு நிற்பதைப் பார்த்தாள். "பூ எங்கங்க?" என்றாள். நான் கண்ணால் காட்டினேன். கம்பத்துக்கும் சுவருக்கும் நடுவே இருந்தது. சட்டைப்பையில் இருந்ததைச் சொல்லி எடுக்கச் சொன்னேன். எடுத்துப் பார்த்துவிட்டு அவளே அதைக் கம்பத்தின் அடியில் மாட்டி இறுக்கினாள். இப்போது கம்பம் முன்னைவிட உறுதியாக நிற்கிறது. நீங்களே ஆட்டிப் பார்க்கலாம்.

ஆறாம் நாள் என் மேல் தவறில்லை. பூ திறந்து, மூடியைத் தூக்கி, சாமணம் உள்ளே இருந்த அந்த நொடியில் வாசல் மணி அடித்தது. உங்கள் அத்தை கடைக்குப் போயிருந்தாள். சாமணத்தைப் பூவின் வாயிலேயே விட்டுவிட்டுப் போய்க் கதவின் துளை வழியாகப் பார்த்தால், பல் டாக்டர். கையில் ஏதோ தாள். ஜன்னலை மறைக்கும் கொடி பற்றிப் புகார் எழுதிக்கொண்டு வந்திருக்கிறார் என்று புரிந்தது. "இப்ப முடியாதும்மா, முக்கியமான வேலையில இருக்கேன்" என்று கதவுக்கு இந்தப் பக்கமிருந்தே சொன்னேன். "சார், ஒரே நிமிஷம், இது உங்களுக்குத்தான்..." என்றார். வழக்கம்போலப் பேச்சை முடிக்கவில்லை. நான் திரும்பி நாலு எட்டு வைத்ததும் மறுபடி மணி அடித்தது. மறுபடி போய் "அப்புறம் பாக்கலாம்" என்று சொல்லிவிட்டு வந்தபோது, சாமணத்தின் பாரம் தாங்காமல் பூ ஒடிந்து இரண்டும் தரையில் கிடந்தன. ஒரு மனிதனைக் காரியம் செய்யவிடாமல் கெடுக்க எத்தனையோ வழி உண்டு. படித்தவர்கள் மணியடிக்கிறார்கள்.

ஏழாம் பூவை ஓர் இலைக்குப் பின்னால் தேடிக் கண்டுபிடித்தபோது அது வாடியிருந்தது. அதைப் பற்றி எழுத வேறொன்றும் இல்லை.

எட்டாம் பூ. இதைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன், ஏனென்றால் இதுதான் வெற்றி. நாலரைக்கே எழுந்துவிட்டேன். மணியின் ஒயரைக் கழற்றினேன். சாமணத்தை உள்ளே வைத்துவிட்டேன். லென்ஸ் மட்டும் போதும் என்று, நீங்கள் எழுதியபடியே ஒரு பல்குச்சியை எடுத்துக்கொண்டேன். உங்கள் அத்தை டார்ச் பிடித்தாள். ஆறு இருபதுக்குப் பூ விரிந்தது. குச்சியால் மூடியைத் தூக்கி, கட்டைவிரலால் மேலிருந்து ஒரு அமுக்கு. கடிகாரத்தின் பின்மூடி உட்காரும்போது விரலுக்கு ஒரு சின்ன அடங்கல் தெரியும், அது தெரிந்தது என்று நினைக்கிறேன்.

"ஆச்சா?" என்றாள்.

"ஆச்சு."

"எப்படித் தெரியும்?"

"நாளைக்குத் தெரியும். விழாம இருந்தா ஆச்சு."

"விழுந்துட்டா?"

"விழாது" என்றேன். அவள் டார்ச்சை அணைக்காமல் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். உங்கள் அலமாரியில் இருக்கும் டப்பாவைப் பற்றி அவளுக்கும் தெரியும் அல்லவா.

மறுநாள் நான் எழுந்து போனபோது பூ விழவில்லை. வாடியிருந்தது, ஆனால் விழவில்லை. உங்கள் பத்தாம் பக்கத்தை ஒரு முறை படித்தேன். உரக்கவே படித்தேன். இன்றோடு ஆறு நாளாகிறது. காற்றுக்கு ஆடுகிறது, விழவில்லை. லென்ஸை வைத்துப் பார்த்ததில் பூவின் காம்பைச் சுற்றிப் பச்சை நிறத்தில் மெல்லிய வளையம் ஒன்று தோன்றியிருக்கிறது, முறுக்கிய நார் போல. காய் பிடிப்பதன் முதல் அறிகுறி அதுதான் என்று நினைக்கிறேன். உங்கள் குறிப்பில் இது இல்லை. அடுத்த முறை எழுதும்போது சேர்த்துக்கொள்ளுங்கள், என் பெயர் போட வேண்டியதில்லை.

கடைசியாக ஒன்று கேட்கிறேன். பக்கத்து வீட்டு டாக்டரிடம் நீங்கள் தன்மையாக ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். நம் கொடியின் நுனி அவர் வீட்டு ஜன்னலில் இருக்கிறது, அந்த ஜன்னல் மூன்று வாரமாகப் பாதி மூடியே கிடக்கிறது, உள்ளே அதை என்ன பாடுபடுத்துகிறாரோ தெரியவில்லை. நல்ல மனுஷியாக இருக்கலாம். ஆனால் நுணுக்கமான வேலை வேறு, பல் வேறு.

ஒரு காய் முதிர ஒன்பது மாதம் என்கிறது உங்கள் குறிப்பு. நீங்கள் திரும்பி வரும்போது பச்சையாகத் தொங்கிக்கொண்டிருக்கும். இருவரும் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். அடுப்பின் முன்னால் நிற்கும்போது நேரத்துக்குத் தண்ணீர் குடியுங்கள். நம் பெண்ணுக்கு என் ஆசீர்வாதம். உங்களுக்கும், வயதில் சின்னவர் என்பதால் ஆசீர்வாதம், மாப்பிள்ளை என்பதால் மரியாதை.

இப்படிக்கு,
என்றும் உங்கள் நலம் நாடும் மாமனார்

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும் நேரத்தில் கதவைத் தட்டும் சத்தம் கேட்டது. மணியின் ஒயரை நான் திரும்ப மாட்டவில்லை. உங்கள் அத்தை கதவைத் திறந்துவிட்டாள். பல் டாக்டர் உள்ளே வந்து, ஒரு தாளை என்னிடம் நீட்டினார். உங்கள் கையெழுத்து. மேலே ஒன்பது என்று எண் போட்டிருக்கிறது. நீங்கள் கிளம்பிய அன்றைக்கே காற்றில் பறந்து அவர் வீட்டுத் துணிக்கொடியில் மாட்டிக்கொண்டதாம். சாமணம் என்ற சொல் அதில் எங்கும் இல்லை.

பிறகு என் காயைப் பார்க்க வேண்டும் என்றார். காட்டினேன். பையிலிருந்து அவருடைய லென்ஸை எடுத்து மாட்டிக்கொண்டு, அந்தப் பச்சை வளையத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"தையல் யார் போட்டது? முடிச்சு ரொம்ப நல்லா இருக்கு" என்றார்.

உங்கள் அத்தை சமையலறைக்குள் போய்விட்டாள். நான் பின்னாலேயே போனேன். எட்டாம் பூ விரிந்த மறுநாள், நான் எழுவதற்கு முன்பே அது தரையில் கிடந்திருக்கிறது. பச்சை நூலால் கட்டிவிட்டாள். "ஆறு நாளா ஒழுங்கா சாப்பிட்டீங்களா இல்லையா" என்றாள். சாப்பிட்டேன். அதை மறுக்க முடியாது.

டாக்டர் எங்களைத் தன் வீட்டுக்கு அழைத்துப் போய் அந்த ஜன்னலைக் காட்டினார். கொடியின் நுனியில் இரண்டு கொத்துகள், பதினோரு காய்கள், ஒவ்வொன்றும் சுண்டுவிரலைவிட நீளம். வெயில் படாமல் இருக்கத்தான் ஜன்னலைப் பாதி மூடியிருக்கிறார். அன்றைக்கு ஜன்னலிலிருந்து அவர் சொல்ல வந்தது, மொட்டு வந்திருக்கிறது என்பதை. நான் சொல்லவிடவில்லை. பல்லைக் குத்திப் பார்க்கும் ஊசியால், ஒன்பதாம் பக்கத்தைப் பார்த்துச் செய்ததாகச் சொன்னார்.

"என்னைக் கேக்காமலேயா?" என்றேன்.

"உங்க மாப்பிள்ளையக் கேட்டேன் சார். நான் யாரையும் கேக்காம வாயைத் திறக்கச் சொல்றதில்ல. முதல்ல எங்க வலிக்குதுன்னு கேப்பேன்."

பிறகு போனைக் காட்டினார். மூன்று வாரமாகத் தினமும் உங்களுக்குப் படம் அனுப்பியிருக்கிறார். ஆறாம் பூ போன அன்று அவர் உங்களுக்கு எழுதியதையும், அதற்கு நீங்கள் எழுதியதையும் படித்தேன். "விடுங்க டாக்டர். இன்னும் ரெண்டு பூ இருக்கு. மாமாவே பண்ணட்டும். காய்க்கலன்னாலும் பரவாயில்ல." அதற்கப்புறமும் ஞாயிற்றுக்கிழமை "வெனிலா எப்படி இருக்கு மாமா?" என்று ஒன்றும் தெரியாதவர் போலக் கேட்டிருக்கிறீர்கள். ஆகவே மேலே எழுதிய எதுவும் உங்களுக்குப் புதிதல்ல. இருந்தாலும் கிழிக்க மனம் வரவில்லை. டாக்டரைப் பற்றி எழுதிய இடங்களை மட்டும் விட்டுவிட்டுப் படியுங்கள். நான் போய் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். அவர் வீட்டுச் சுவர்க் கடிகாரம் நின்றுபோயிருந்தது, அதைச் சரிசெய்து கொடுத்தேன். பிரிக்கவில்லை, பேட்டரிதான்.

இன்னும் ஒன்று. உங்கள் அப்பாவின் கைக்கடிகாரத்தை வாங்கிய அன்று நான் உங்களிடம் எதுவும் கேட்கவில்லை. இப்போது கேட்கிறேன். அவர் கையில் இருந்த காலத்தில் அது முந்தி ஓடுமா, பிந்தி ஓடுமா? சாவியை எந்த நேரத்தில் கொடுப்பார்? நிற்பதற்கு முன் கீழே விழுந்ததா? நாற்பத்தொரு வருடத்தில் ஒரு கடிகாரத்தின் சொந்தக்காரரிடம் நான் கேட்கும் முதல் கேள்விகள் இவை. உங்கள் பதில் வரும்வரை அலமாரியின் பக்கம் போகக் கூடாது என்கிறாள் உங்கள் அத்தை. பதிலைக் கொஞ்சம் சீக்கிரம் எழுதுங்கள். கடிகாரத்தைப் பிரித்து இரண்டு நாளாகிறது.